கோடியக்கரை நாட்குறிப்பு: சேறு, உப்பு, புல்வெளி

ஜனவரி 4, 2026, ஞாயிறு

நேற்று பௌர்ணமி. இன்று காலை கடல் நன்றாக வாங்கியிருந்தது. இந்தக் கரையில் நீர் ஏறி இறங்கும் உயரம் சில அடிதான். ஆனால் தரை அவ்வளவு மட்டம் என்பதால் ஓரடி வடிந்தாலே கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு வெளியே வந்துவிடுகிறது. அந்தச் சேற்றை நம்பித்தான் சைபீரியாவிலிருந்தெல்லாம் பறவைகள் இங்கே வருகின்றன.

அக்கா மகளும் கூட வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் எது எப்படி நடக்கிறது என்று மட்டும் பார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "மாமா, இது ஓடி ஓடி நிக்குது. அது நிக்கவே மாட்டேங்குது."

ஓடி ஓடி நிற்பது உப்புக்கொத்தி. குட்டை அலகு, சிறிய தலையில் பெரிய கண். விறுவிறுவென்று நாலு எட்டு ஓடும், சட்டென்று நிற்கும், அசையாமல் பார்க்கும், கொத்தும். மறுபடி ஓடும். அது கண்ணால் வேட்டையாடும் பறவை. சேற்றின் மேல் புழு தலைகாட்டும் அந்த ஒரு கணத்தைப் பிடிக்க வேண்டும். தான் ஆடிக்கொண்டே இருந்தால் அடுத்தது ஆடுவது எப்படித் தெரியும்? அதனால்தான் அந்த நிறுத்தம்.

நிற்காமல் நடப்பது உள்ளான். அதற்கு இரை கண்ணில் படவேண்டிய அவசியமே இல்லை. அலகின் நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குள் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள். சேற்றுக்குள் அலகை விட்டுத் தொட்டுத் தொட்டே தேடுகிறது. எத்தனை இடத்தில் குத்திப் பார்க்கிறதோ அத்தனைக்கு அத்தனை லாபம். ஆகவே நடை நிற்பதில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அலகு முழுக்கச் சேற்றில் புதைந்திருக்கும்போது வாயைத் திறப்பது எவ்வளவு சிரமம்! நாலு பக்கமும் சேறு அழுத்துகிறது. உள்ளான், மூக்கன், கோட்டான் (ஆந்தை அல்ல, நீண்ட வளைந்த அலகுள்ள கரைப்பறவை) வகைகள் அடிப்பக்கத்தைத் திறக்காமலேயே மேல் அலகின் நுனியை மட்டும் தூக்கி இரையைக் கவ்வும். அலகின் எலும்பு நுனியருகே அதற்கேற்ப நெகிழ்கிறது.

ஒன்பது மணி வாக்கில் ஒரு பெரிய கோட்டான் கிட்டத்திலேயே வந்து இறங்கியது. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகை நண்டு வளைக்குள் விட்டு, தலையைச் சாய்த்து, மெதுவாகத் திருப்பியது. வளை நேராகப் போவதில்லை, வளைந்த அலகும் திரும்பித் திரும்பித் துழாவுகிறது. நண்டு வெளியே வந்ததும் ஒரு காலைப் பிடித்து உதறியது. கால் கழன்றது. உடலைத் திரும்ப எடுத்து மறுபடி உதறியது. கால்கள் போனபின் உடலை முழுசாக விழுங்கிவிட்டு, கிடந்த கால்களையும் ஒன்றிரண்டு பொறுக்கிக்கொண்டது.

ஜனவரி 6, செவ்வாய்

ஞாயிறன்று தூரத்தில் பார்த்த மூக்கன்கள் எப்படி அவ்வளவு தூரம் பறக்கின்றன என்று அக்கா மகள் கேட்டதற்குப் பதில். அவை கருவால் மூக்கன்கள். அவற்றின் உறவான பட்டைவால் மூக்கனில் ஓர் இளம் பறவை 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, எங்கும் இறங்காமல், 11 நாளில் டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தது. 13,560 கிலோமீட்டர். இரை இல்லை, நீர் இல்லை. அது நீந்தும் பறவையும் அல்ல, கடலில் இறங்கி ஓய்வெடுக்க முடியாது. கிளம்பும் முன் தின்று தின்று கொழுப்பைச் சேர்க்கிறது. இரைப்பை, குடல், கல்லீரல் எல்லாம் கிளம்பும் சமயத்தில் சிறுத்துவிடுகின்றன. வழியில் சாப்பாடு இல்லாதபோது அவற்றைச் சுமப்பது வீண்தானே. போய்ச் சேர்ந்ததும் மறுபடி வளர்கின்றன. உடல் பரம்பரை பரம்பரையாக மாறுவதைப் பற்றித்தான் நாம் நிறையப் பேசுகிறோம். ஒரே பறவை ஒரே ஆண்டுக்குள் தன் உள்ளுறுப்புகளைப் பயணத்துக்குத் தகுந்தபடி குறைத்துக் கூட்டுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

முத்துப்பேட்டை. ஜாம்புவானோடையில் படகு ஏறி, அலையாத்திக் காட்டுக்கு நடுவே லகூன் (உப்பங்கழி) பக்கம் போனோம். 2018 நவம்பரில் கஜா புயல் முறித்துப்போட்ட மரங்களின் காய்ந்த கட்டைகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. இளம் மரங்கள் எழும்பியிருப்பதும் தெரிகிறது. அலையாத்தி இலையின் அடியில் விரலை வைத்துத் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே வெளியேற்றுகிறது.

படகை ஓரங்கட்டச் சொன்னேன். சேற்றில் ஏதோ துள்ளியது. படகோட்டி அண்ணன் சிரித்தார். "மீனுதான் தம்பி. ஆனா தண்ணி ஏறுச்சுன்னா உள்ள போவாது, வேருல ஏறி குந்திக்கும்."

சேற்றுத்தாவி. ஒரு விரல் நீளம். சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களுக்கு நடுவே அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கத்து மார்புத் துடுப்புகளையும் ஒரே நேரத்தில் முன்னால் ஊன்றி, உடலைத் தூக்கி, முன்னே தள்ளி இறக்குகிறது. அக்குளில் கட்டை வைத்துக்கொண்டு நடப்பவரின் நடை அப்படியே. அந்தத் துடுப்பில் ஒரு முழங்கை போன்ற மடிப்பு கூட இருக்கிறது. அவசரம் என்றால் வாலை ஒரு பக்கம் மடித்து வெடுக்கென்று நிமிர்த்துகிறது. அவ்வளவுதான், ஆள் அடுத்த வேருக்குப் பக்கத்தில்.

கண் இரண்டும் தலையின் உச்சியில். அதை அடிக்கடி உள்ளே இழுத்து வெளியே விடுகிறது. கண்ணுக்கு அடியில் தோல் குழிந்து கொஞ்சம் ஈரம் தங்குகிறது, கண் அதில் முங்கி எழுகிறது. தண்ணீருக்குள்ளேயே வாழும் மீனுக்குக் கண் சிமிட்ட வேண்டிய தேவை இல்லை. காற்றுக்கு வந்ததும் தேவை வந்துவிட்டது. கண்ணீர்ச் சுரப்பியும் நம்முடையது போன்ற இமையும் இல்லாமலே இது வேறு வழியில் சிமிட்டுகிறது.

வெயில் ஏறியதும் அது பக்கவாட்டில் சாய்ந்து ஈரச்சேற்றில் புரண்டது. விளையாட்டு இல்லை, தோலின் வழியாகவும் வாயின் உட்சவ்வு வழியாகவும் மூச்சு விடுகிற பிராணி அது. தோல் காய்ந்தால் மூச்சு போய்விடும். பெரும்பாலான மீன்களின் செவுள் இதழ்கள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிச் சரிந்துவிடும், அதனால்தான் கரையில் போட்ட மீன் அத்தனை காற்றுக்கு நடுவிலும் மூச்சுத் திணறிச் சாகிறது.

சற்றுத் தள்ளி வேறு வகை ஒன்று, உடலெங்கும் நீலப் புள்ளிகள். இது தலையை இடமும் வலமும் ஆட்டியபடி சேற்றின் மேல்தோலைச் சுரண்டிக்கொண்டே போகிறது. அங்கே படர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிதான் அதன் உணவு. இன்னொன்று அதன் எல்லைக்குள் வந்ததும் முதுகுத் துடுப்பு முழுசாக விரிந்தது. அப்படியொரு நீலம்!

பிடில் நண்டுகளும் கூட்டமாக இருந்தன. ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடலளவுக்குப் பெரிது, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது. எல்லோரும் பார்ப்பது அந்தக் கொடுக்கைத்தான். நான் கண்ணைப் பார்க்கச் சொல்வேன். நீண்ட இரண்டு காம்புகளின் நுனியில், உயரத்தில், கண்கள். மரமும் மேடும் இல்லாத மட்டமான சேற்றில் தன் கண் மட்டத்துக்குக் கீழே தெரிவது இன்னொரு நண்டு, அந்த மட்டத்துக்கு மேலே எழுவது பறவை. எவ்வளவு தூரம், எவ்வளவு பெரிசு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். நான் படகில் உட்கார்ந்து கையை ஓரத்துக்குக் கீழே அசைத்தபோது அவை கண்டுகொள்ளவே இல்லை. எழுந்து நின்றேன், ஒரு நண்டு கூட வெளியே இல்லை.

ஜனவரி 13, செவ்வாய்

"சேத்துல காத்தே இருக்காதே, அந்தச் சேத்துத்தாவி எப்படி வளைக்குள்ள முட்டை போடும்?" அக்கா மகள் போனில் கேட்டாள். நல்ல கேள்வி. சேற்றுக்கு அடியில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. சேற்றுத்தாவி வளையில் மேல்நோக்கி வளைந்த ஓர் அறையைத் தோண்டி, அதன் கூரையில் முட்டைகளை ஒட்டுகிறது. பிறகு வாய் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு உள்ளே போய் அறைக்குள் விடுகிறது. திரும்பத் திரும்ப. ஜப்பானில் வாழும் இனத்தில், குஞ்சு பொரிக்கும் காலம் வந்ததும் ஆண் மீன் அதே காற்றை வாய் வாயாக வெளியே எடுத்துவிடுகிறது. அறையில் நீர் ஏறுகிறது, முட்டைகள் பொரிகின்றன. இதை அவளுக்குச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

ஜனவரி 17, சனி

பொங்கல் விடுமுறையில் சிறுதலைக்காட்டுப் பக்கம் போனோம். பூநாரைகள். தூரத்தில் வெள்ளைக் கோடு, பறக்கும்போது சிவப்பும் கறுப்பும்.

தொலைநோக்கியில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன். நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்து வட்டமாகச் சுற்றியது. அடிச்சேறு கலங்கி மேலே வந்தது. தலையைத் தலைகீழாக நீரில் வைத்தது. நமக்குக் கீழ்த்தாடைதான் அசையும். பூநாரை மேல் அலகையும் நன்றாக அசைக்கும். தலை கவிழ்ந்த நிலையில் அந்த மேல் அலகுதான் அடியில் இருக்கிறது. தடித்த நாக்கு நொடிக்குப் பல முறை முன்னும் பின்னும் போய் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்துத் தகடுகள் சின்ன உயிர்களையும் பாசியையும் வடிகட்டி நிறுத்திக்கொள்கின்றன. அலகு நடுவில் ஏன் அப்படி உடைந்த மாதிரி வளைந்திருக்கிறது என்று பலர் கேட்பார்கள். நேரான அலகைத் திறந்தால் நுனியில் அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இடைவெளி வரும். வளைந்த அலகில் நெடுகிலும் ஏறக்குறைய ஒரே அளவு வரும். வடிகட்டிக்கு அதுதான் வேண்டும்.

2025இல் வெளியான ஓர் ஆய்வு சிலி நாட்டுப் பூநாரை இனத்தைப் படம்பிடித்துப் பார்த்தது. தலையை நீரிலிருந்து நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் மேலே இழுக்கும்போது ஒரு சுழல் எழுந்து, அடியில் கிடப்பவை மேலே வருகின்றனவாம். சும்மா வடிகட்டுகிறது என்று நினைத்த பறவை இரையைத் தேடிக் கூட்டுகிறது.

பூநாரை ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது என்றும் கூட வந்தவர்கள் கேட்டார்கள். 2017இல் அட்லாண்டாவில் யங் ஹுய் சாங், லீனா டிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இறந்த பூநாரையின் உடலை ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்த்தார்கள், நின்றது. தசை வேலை செய்யாமலே எடை மூட்டுகளில் பூட்டிக்கொள்கிறது. இரண்டு காலில் வைத்தபோது அப்படி நிற்கவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. கோடியக்கரையில் நீராட வந்தவர்கள் கூட்டம், பறவை பார்க்க வழியில்லை. மாலையில் அகத்தியம்பள்ளி உப்பளத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். 1930இல் ராஜாஜி உப்பு எடுத்த ஊர். ஒரு கடற்காகம் தலையைச் சிலுப்ப, அலகு நுனியிலிருந்து சொட்டு தெறித்தது. உப்பு நீர். கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பி ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து மூக்குத் துளை வழியே விடுகிறது. பூநாரைக்கும் அது உண்டு. இங்கே அது இல்லாமல் நாள் கழியாது.

ஜனவரி 26, திங்கள்

வெளிமான்களுக்காக மட்டும் போன நாள். 1967இல் இந்தச் சரணாலயம் அமைந்ததே முக்கியமாக அவற்றுக்காகத்தான்.

புல்வெளியில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. நரி ஒன்று தூரத்தில் போனது. ஒரு பெண் மான் நின்ற இடத்திலிருந்து நாலு காலையும் தரையிலிருந்து எடுத்து மேலே எழும்பியது. அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு எல்லாமே ஓடின. காலைப் பார்த்தால் புரியும்: சதை முழுக்கத் தோளிலும் தொடையிலும்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பும் தசைநாணும் தோலும் மட்டும். கீழே எடை குறைவு என்பதால் காலை வேகமாக வீச முடிகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வரை ஓடும் என்கிறார்கள். நரிக்கு இவ்வளவு வேகம் தேவையில்லை. இந்தியச் சமவெளிகளில் வெளிமானைத் துரத்தியது சிவிங்கிப்புலி (சீட்டா). அது நம் நாட்டில் அற்றுப்போய்விட்டதாக 1952இல் அறிவித்துவிட்டார்கள். ஓட்டம் மட்டும் இன்னும் இந்த உடலில் இருக்கிறது.

ஆனால் இந்த உடலுக்கு வெளி வேண்டும். பெயரே வெளிமான். தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து, நேராக ஓடித் தப்பிக்கிற பிராணி. இங்கே சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் வருஷா வருஷம் நுழைந்துகொண்டிருக்கிறது. புதர் மூடிய இடத்தில் அதன் கண்ணும் பயனில்லை, காலும் பயனில்லை. புள்ளிமானுக்கு அந்தப் புதர் பிரச்சினை இல்லை, மறைந்து நிற்கப் பழகிய உடல் அதற்கு. சேற்றை எடுத்துவிட்டால் உள்ளானின் அலகு எதற்கு ஆகும்? புல்வெளியை எடுத்துவிட்டாலும் அதே கதைதான். மூக்கன் குடலைச் சுருக்குவது போல மான் தன் காலை ஒரு பருவத்தில் மாற்றிக்கொள்ள முடியாது.

வனத்துறையினர் சீமைக்கருவேலத்தை அகற்றிய ஒரு துண்டு நிலத்தைப் பார்த்தோம். புல் நன்றாகவே பிடித்திருக்கிறது, குட்டியோடு ஒரு பெண் மான் அதன் ஓரத்தில் நின்றது. நடுவில் முழங்கால் உயரத்துக்கு மறுபடியும் கருவேலங் கன்றுகள். இங்கே திரியும் மட்டக்குதிரைகளும் மாடுகளும் காயைத் தின்று விதையைச் சாணத்தோடு போட்டுவிடுகின்றன. ஈரம் காய்வதற்குள் பிடுங்கினால் வேரோடு வரும், கோடை வந்தால் மண்வெட்டியே இறங்காது என்றார் கூட வந்த காவலர். பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளோடு வந்து பிடுங்க அனுமதி கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.