கரண்ட் வைக்க பில், பயிற்சிக்கு ஒரு ஜெராக்ஸ் தாள்

முட்டித் தேய்மானத்துக்குப் பிசியோதெரபி எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

முதல் வெட்டி அலைச்சல் எக்ஸ்ரேயில். நிற்கவைத்து எடுக்கச் சொல்லி டாக்டர் சீட்டில் எழுதியிருந்தும், படுக்கவைத்து எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். படுத்தால் உடம்புப் பாரம் முட்டியில் இறங்காது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது நின்று எடுத்த படத்தில்தான் சரியாகத் தெரியும். டாக்டர் திருப்பி அனுப்ப, அங்கே மறுபடி பணம் கேட்டார்கள். சீட்டை நீட்டிச் சத்தம் போட்ட பிறகுதான் சும்மா எடுத்தார்கள். மேஜையில் ஏறுமுன், நிற்கவைத்துத்தானே எடுப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் இப்போது வேண்டாம், தொடைத் தசையை வலுவாக்கினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிசியோ சென்டர். போனதும் மெஷினில் முட்டிக்குக் கரண்ட் வைப்பார்கள், பிறகு மெழுகு ஒத்தடம். சுகமாகத்தான் இருக்கும். வீட்டுப் படி ஏறினால் அதே வலி. பயிற்சி எப்போது என்று கேட்டால், "முதல்ல வலி குறையட்டும்மா." பேக்கேஜ் முடிந்த அன்று ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில் திணித்தார்கள். மங்கிப்போன பொம்மைப் படங்கள். எத்தனை தடவை, எவ்வளவு நேரம், ஒன்றும் இல்லை. கேட்டால், "முடிஞ்ச அளவு செய்யுங்க."

கடைசியில் அரசு மருத்துவமனை. ஓபி சீட்டு வரிசையில் கால் கடுத்தது வேறு கதை. ஆனால் அங்கிருந்த பிசியோ பெண் மெஷின் பக்கமே போகவில்லை. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, "கீழே அமுக்குங்கம்மா" என்றாள். அமுக்கினேன். முட்டிச் சில்லுக்கு மேலே, உள்பக்கமாக விரலை வைத்துப் பார்த்தாள். "இடுப்பைத் தூக்குறீங்க. இந்த இடம் இறுகவே இல்ல." என் விரலையே பிடித்து அங்கே வைத்தாள். பாதத்தை என்னைப் பார்த்து மடக்கி அமுக்கியபோது, விரலுக்கடியில் தசை கெட்டியாக எழும்பியது. அட, இதுதானா! ஜெராக்ஸ் தாள் ஏழு ஜென்மத்துக்கும் இதைச் சொல்லியிருக்காது.

அவள் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானது: அமுக்கி 5 எண்ணணும், 10 தடவை. வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சைப் பிடித்தால் பிபி ஏறும். மல்லாந்து படுத்து நீட்டிய காலைத் தூக்கும்போது மற்றக் கால் மடங்கியிருக்கணும், இல்லாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஓர் அடி உயரம் போதும். அது சுலபமானதும் அரை கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணியில் சுற்றிக் கணுக்காலில் கட்டலாம், கடையில் எடைப் பட்டை தேட வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சிக்குப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கனமானதாகப் பார்த்துச் சுவரை ஒட்டிப் போட்டு, மேலே ஒரு தலையணை. எழும்போது முட்டிகள் உள்ளே சாயக் கூடாது.

வலித்தால் உடனே நிறுத்து என்பார்கள் சொந்தக்காரர்கள். அவள் கணக்கு வேறு. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தாலோ வீங்கினாலோ எண்ணிக்கையைக் குறை, ஆனால் அடியோடு விடாதே. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகுமாம். எனக்கும் ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு நாள் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமலே சீட்டிலிருந்து எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவருக்கு அது புரிந்திருக்காது!

எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாளே கேளுங்கள்: பயிற்சி இன்றைக்கே உண்டா, நான் செய்வதை யாராவது நின்று பார்ப்பீர்களா? மழுப்பினால் பேக்கேஜ் கட்டாதீர்கள். வெளியே போக முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். முட்டி சிவந்து சூடாக வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ துண்டை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.