எசேக்கியாவின் சுரங்கத்தில் முழங்கால் தண்ணீரில்

எருசலேமில் வகுப்போடு களப்பயணம். நகருக்குள் தண்ணீர் கொண்டுவர யூதாவின் அரசன் எசேக்கியா பாறையில் குடையச் செய்த சுரங்கம். கீகோன் ஊற்றில் இறங்கிச் சீலோவாம் குளத்துப் பக்கம் வெளியே வந்தோம். மொத்தம் 533 மீட்டர். கும்மிருட்டு, எலும்புவரை ஏறும் குளிர். என் ஒற்றைச் செருப்பு தண்ணீரோடு போய்விட்டது. பின்னால் வந்த தோழி பிடித்துக் கொடுத்தாள்.

நடுவழியில் பேராசிரியர் எல்லோரையும் நிறுத்திச் சுவரில் வெளிச்சம் அடித்தார். அதுவரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த உளித்தடங்கள் அங்கே திசை மாறுகின்றன. இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்தவர்கள் சந்தித்த இடம்! இன்னும் மூன்று முழம் பாறை மிச்சமிருந்தபோது, அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடும் குரல் கேட்டதாக அவர்களே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அசீரிய அரசன் படையெடுத்து வரும் அவசரத்தில் அதற்கும் நேரம் இருந்திருக்கிறது, பாருங்கள். அந்த எழுத்தை 1880இல் கண்டுபிடித்தவன் ஒரு பள்ளி மாணவன். கல் இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தச் சுரங்கத்தைச் சொல்லும் வேதாகம வசனம் 2 இராஜாக்கள் 20:20ஐ ஞாயிறு பள்ளியில் ஒரே மூச்சில் ஒப்பித்தவள் நான். ‘வாய்க்கால்’ என்ற சொல்லுக்குள் இத்தனை இருட்டு இருக்கும் என்று அப்போது தெரியாது.

நாளை, அதே அசீரியர் கைப்பற்றிய லாகீசு நகரம். செருப்பை இன்றே கயிற்றால் கட்டிவிட்டேன்.