படம் ஆடுதுண்ணா

2013 ஆவணி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டுக் கல்யாணம். கேமரா கட்டிய ரிமோட் ஹெலிகாப்டருக்கு மூன்றாவது பேட்டரியைப் போட்டு மேலே ஏற்றி ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். பக்கத்தில் நின்று மானிட்டரைப் பார்த்தபடி, கேமராவைத் தாங்கும் ஜிம்பலைத் திருப்பிக்கொண்டிருந்த பையன் சொன்னான்: “அண்ணா, படம் ஆடுதுண்ணா.”

“காத்துடா. நீ பந்தலைப் பிடி.”

பேச்சு இவ்வளவுதான். அவன் அதற்கு மேலும் ஏதோ சொன்னான். ‘வால் பக்கம்’ என்று சொன்னதாக ஒரு நாள் ஞாபகம் வருகிறது. அது நானே பின்னால் சேர்த்துக்கொண்டதோ என்று மறுநாள் தோன்றுகிறது.

காற்று என்று நான் சொன்னது பொய் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடியோடு நின்றுவிடாது என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். தென்னை ஓலையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. ஹெலிகாப்டரை ஓட்டுகிறவன் அதன் உடலைத்தான் பார்ப்பான். நாற்பது மீட்டர் தள்ளிப் பறக்கும்போது வாலில் விரற்கடை அசைவு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதே அசைவு மானிட்டரில் படம் முழுவதையும் இடமும் வலமுமாக இழுக்கும். இருவராக வேலை செய்வதே அதற்குத்தான். எனக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும். அதை நன்றாக அறிந்தும் “காத்துடா” என்றேன்.

பெண்ணின் அப்பா அதற்கு முன்பே இரண்டு தடவை வந்து கேட்டிருந்தார்: “தம்பி, இன்னுங் கொஞ்சம் தாழ விடுங்க, சனத்தோட மொகம் தெரியோணுமுங்க.” அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஹெலிகேம் என்று பத்திரிகை வைக்கும்போதே சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார். பந்தல் வாசலுக்கு மேல் எட்டு மீட்டர் வரை இறக்கினேன்.

எங்கள் ஹெலிகாப்டர் 600 மி.மீ. பிளேடு போட்டது. கேமரா, ஜிம்பல், பேட்டரி எல்லாம் சேர்த்து நான்கு கிலோவுக்கு மேல் வரும். அதிர்வு படத்தில் ஏறாமலிருக்க வேகத்தைக் குறைத்து, நிமிடத்துக்கு 1,700 சுற்று வைத்திருந்தோம். குறைத்த வேகத்திலேயே பிளேடின் முனை மணிக்கு 400 கி.மீ.க்கு மேல் வீசும். வால் விசிறியைச் சுற்றுவது பற்கள் வைத்த ஒரு பெல்ட். அது அறுந்தால் பிளேடு சுற்றும் திசைக்கு எதிராக உடல் பம்பரம்போலச் சுழலும். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். ரிமோட்டில் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைத் தட்டி மோட்டாரை நிறுத்தி, பிளேடில் மிச்சமிருக்கும் சுழற்சியை வைத்தே இறக்க வேண்டும். வெறும் மைதானத்தில் அதைப் பலமுறை பழகியிருக்கிறேன். கீழே இருநூறு பேர் நிற்கும்போது எங்கே இறக்குவது?

ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிட அலாரம் அடித்ததும் இறக்கினேன். பேட்டரி கழற்றும்போது வால் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். ஓர் இடத்தில் நழுவியது. கூட்டைத் திறந்தால் பெல்ட்டில் மூன்று பற்கள் இல்லை, ஓரம் நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

அந்த பெல்ட் அன்றே அறுந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் பத்து தடவை பறந்திருக்கலாம். அன்று காலை நான் கூட்டைத் திறந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை. முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன்.

ஆனால் பறக்கவிட்டதைவிட அடுத்து நான் செய்ததுதான் உறுத்துகிறது. பையன் தண்ணீர் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தான். கூட்டை மூடினேன். “என்னாச்சுண்ணா?” என்றான். “ஒண்ணுமில்ல, காத்துதான். இதுக்கு மேல பறக்க வேணாம்” என்றேன். இருபது வயதுப் பையன் முன்னால் தலை குனிய மனம் வரவில்லை. அவன் கண் சரியாகத்தான் பார்த்தது. அது தப்பு என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் எங்களோடு இருந்த எட்டு மாதத்தில் படம் ஆடுகிறது என்று அவன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆடாததால் சொல்லவில்லையா, காற்று என்று அவனே முடிவு செய்துகொண்டானா, தெரியவில்லை.

அதே வருடம் செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து செய்தி வந்தது. புரூக்ளினில் ஒரு பூங்காவில் பத்தொன்பது வயது இளைஞர் தன் ரிமோட் ஹெலிகாப்டரின் பிளேடு தலையில் பட்டு இறந்துபோனார். நன்றாக ஓட்டத் தெரிந்தவர். பையன் அதை போனில் எனக்குக் காட்டினான். அப்போதாவது பெல்ட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்.

அப்போது விதி ஒன்றும் தெளிவாக இல்லை என்று சில சமயம் சமாதானம் சொல்லிக்கொள்வேன். 2014 அக்டோபரில்தான், விதிமுறை வரும்வரை தனியார் யாரும் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடக் கூடாது என்று விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அறிவித்தது. ஆனால் ஆடுகிறது என்று ஒருவன் சொன்னால் இறக்கிப் பார்க்க எதற்கு விதி?

இரண்டு வருடம் முன்பு அவனை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பெல்ட் விஷயத்தை முழுதாகச் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். “நீங்க காத்துன்னு சொன்னதும் எனக்கு பயம் போயிடுச்சுண்ணா” என்றான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது என்னிடம் வேலைக்கு வருகிறவர்களிடம், சந்தேகம் வந்தால் கத்துங்கள், இறக்கிவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். போன தையில், ட்ரோன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண், “அண்ணா, ஏதோ இழுக்குது” என்றாள். “ஒரு நிமிஷம், இந்த ஷாட் முடியட்டும்” என்றுதான் என் வாயில் வந்தது. அப்புறம் இறக்கினேன். எதுவும் பழுதில்லை. அது எனக்கு நிம்மதி தரவில்லை.

அந்த ஆவணிக் கல்யாணத்தின் கிளிப் இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பந்தல் வாசலில் சிவப்புப் பட்டுப்பாவாடையில் ஒரு குழந்தை, அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் ஆட்டுகிறது. படம் லேசாக இடமும் வலமுமாக அசைகிறது. ஓலை அசையும் தாளத்தோடு அது சேரவே இல்லை.