ஹைட்ரோஸ் டிரம்மும் பதினாறு பகுதித் தாளும்

நகரியில் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கணக்கு பார்க்கிறேன். திருத்தணியிலிருந்து திருப்பதி போகிற சாலையில் போனவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடைத்தெருவில் இரண்டும். எங்கள் பட்டறையில் 14 பேர். பாதிப் பேருக்குத் தமிழ் பேச்சில் மட்டும்தான். எழுதப் படிக்கத் தெலுங்குதான் வரும்.

போன ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை, தொட்டியடியில் வேலை செய்யும் பையன் ஓடி வந்தான். "அக்கா, ஹைட்ரோஸ் டிரம்மு புகையுது. வத்திக்குச்சி கொளுத்தின மாதிரி நாத்தம் வருது." ஹைட்ரோஸ் என்பது சாயத் தொட்டியில் போடும் ஒரு ரசாயனப் பொடி. நான் எழுந்து போவதற்குள் இன்னொரு பையன் ஒரு பக்கெட் தண்ணீரை டிரம்மில் கொட்டிவிட்டான். புகை அடங்கவில்லை, இரண்டு மடங்கானது. தகர டிரம்மின் பெயின்ட் கொப்பளித்து உரிய ஆரம்பித்தது. எல்லோரையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்தோம். தீயணைப்பு வண்டி வந்து குழாய் வைத்து வெள்ளமாக அடித்த பிறகுதான் அடங்கியது.

தண்ணீர் ஊற்றிய பையனுக்கு இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கெமிக்கல்?" ஹைட்ரோஸ் என்றேன். "முழுப் பேர் என்னம்மா? எம்எஸ்டிஎஸ் இருக்கா?" சரக்கின் ஆபத்தையும் முதலுதவியையும் சொல்லும் பாதுகாப்புத் தாளைத்தான் அப்படிக் கேட்டார். எட்டு வருடமாக அந்த டிரம்மை வரவு வைத்துக் கையெழுத்துப் போட்டவள் நான். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. பையன் ஒரு ராத்திரி அங்கேயே இருந்து நல்லபடியாக வீடு திரும்பினான். அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

மறுநாள் பழைய ஃபைல்களைப் புரட்டினேன். பில் இருக்கிறது, லாரி ரசீது இருக்கிறது, பாதுகாப்புத் தாள் ஒன்றுகூட இல்லை. சரக்கு தரும் டீலரிடம் கேட்டேன். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ஒன்பது பக்கம் வந்தது. எல்லாம் ஆங்கிலம். ராத்திரி போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று போட்டிருந்தது. எங்களுக்கு அடித்ததோ தீக்குச்சி நாற்றம். அங்கேதான் சந்தேகம் வந்தது.

டிரம்மில் ஒட்டியிருந்த சீட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிரம்மில் இருப்பது சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். தாளில் இருப்பதும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். நாங்கள் ஸ்டோர் நோட்டில் எழுதுவதுபோல் தமிழில் எழுதினால் ஒரே பெயர்தான்! ஆங்கிலத்தில் கடைசி எழுத்துகள் வேறு: டிரம்மில் sulfite, தாளில் sulfide. ஒன்று வல்லோசை, ஒன்று மெல்லோசை. தெலுங்கில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ட'. பாடப்புத்தகத்தில் 'சல்பைட்டு', 'சல்பைடு' என்று பிரித்து எழுதுவார்கள், ஆனால் குடோனில் யார் அப்படி எழுதுகிறார்கள்? பொருளோ முற்றிலும் வேறு. டீலர் அனுப்பியது, அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற கொல்லும் வாயுவை விடுகிற சரக்கின் தாள். எங்களுடையதில் அமிலம் பட்டால் வருவது சல்ஃபர் டை ஆக்சைடு.

பிரித்துக் காட்டியது ஒரு எண். சிஏஎஸ் எண் என்பார்கள், ஒரு பொருளுக்கு உலகம் முழுக்க ஒரே எண். எங்கள் டிரம்மில் 7775-14-6. வந்த தாளில் 16721-80-5. அந்த எண்ணின் கடைசி இலக்கம் சரிபார்க்கும் இலக்கம் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அதை விட்டுவிட்டு, வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். எங்கள் டிரம்மின் எண்ணுக்கு: 4, 2, 15, 28, 35, 42. மொத்தம் 126, கடைசி இலக்கம் 6. போனில் எண் சொல்லும்போது ஒன்று மாறினாலும் பெரும்பாலும் இதில் பிடிபட்டுவிடும். இப்போதெல்லாம் தாள் வந்ததும் நான் பெயரைப் படிப்பதில்லை. முதலில் எண்.

டீலரிடம் திரும்பக் கேட்டபோது அலுத்துக்கொண்டார். முதலாளிக்கும் இது தேவையில்லாத வேலை என்று பட்டது. 1984 போபாலுக்குப் பிறகு, 1987 இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவருக்குத் தன் உடம்புக்கும் உயிருக்கும் என்ன ஆபத்து என்று தெரிந்துகொள்ளும் உரிமையைச் சேர்த்தார்கள். 1989 இல் வந்த அபாய ரசாயன விதிகளில் இந்தத் தாளின் படிவமே அட்டவணையாக இருக்கிறது. அத்தனை ஆயிரம் பேர் செத்த பிறகு கிடைத்த உரிமை இது. முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் தயாரிப்பாளருக்கே நேரடியாகப் போன் போட்டார். மூன்றாம் நாள் சரியான தாள் வந்தது.

இப்போது உலகப் பொது முறைப்படி வரும் தாளில் 16 பகுதிகள், எந்தக் கம்பெனி கொடுத்தாலும் அதே வரிசை. அதனால் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தேவையில்லை. 2 இல் என்ன ஆபத்து, 4 இல் முதலுதவி, 5 இல் தீ, 7 இல் எப்படி வைப்பது, 8 இல் கையுறை கண்ணாடி, 10 இல் எதோடு சேரக்கூடாது. பட்டறைக்கு இந்த ஆறும் போதும். 12 முதல் 15 வரை சுற்றுச்சூழல், கழிவு, லாரி, சட்டம். அவற்றை முதலாளிக்கும் டிரைவருக்கும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் பகுதியைப் படித்தபோது கை நடுங்கியது. ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் சூடு கூடும். ஊற்றினால் வெள்ளமாக ஊற்ற வேண்டும், இல்லையென்றால் தொடக்கூடாது. எரிய வெளிக்காற்றும் வேண்டாம் என்பதால் மூடி அணைக்கவும் முடியாது. அந்தப் பையன் செய்தது நாங்கள் யாராக இருந்தாலும் செய்திருப்போம், தீ என்றால் பக்கெட்தானே கைக்கு வரும். அவனிடம் முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்.

ஈரம் எப்படிப் போனது என்பது ஏழாம் பகுதியில் தெரிந்தது. கூரை ஒழுகியது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தாளில், உலர்ந்த கரண்டியால் மட்டும் எடு, உடனே மூடு என்றிருந்தது. நாங்களோ தொட்டியில் முக்கி எடுத்த ஈரக் குவளையையே டிரம்மில் விட்டு அள்ளுவோம். எட்டு வருடமும் அப்படித்தான் அள்ளினோம். இப்போது டிரம்முக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் கரண்டி, தரைக்கு மேலே மரப்பலகை. பத்தாம் பகுதி சொன்னபடி, பக்கத்து அலமாரியில் இருந்த அசிட்டிக் ஆசிட் கேன்களும் பெராக்ஸைடும் எதிர்ச் சுவர் அறைகளுக்குப் போய்விட்டன.

காஸ்டிக் சோடாவின் தாள் வந்தபோது இரண்டு பழக்கங்கள் போயின. அலுமினியத்தோடு சேர்ந்தால் காஸ்டிக் ஹைட்ரஜன் வாயுவை விடும் என்று பத்தாம் பகுதியில் இருந்தது. கரைக்க வைத்திருந்த அலுமினியப் பாத்திரத்தை அன்றே எடுத்துவிட்டோம். கையில் தெறித்தால் எலுமிச்சம்பழம் தேய்ப்பது எங்கள் பட்டறை வழக்கம், காரத்தைப் புளிப்பு முறிக்கும் என்று. நான்காம் பகுதியில் அது இல்லை. குறைந்தது 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவச் சொல்கிறது, கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே டாக்டரிடம் போகச் சொல்கிறது. பதினைந்து நிமிடம் என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும், எவ்வளவு நீளம் என்று. சுவரில் ஒரு கடிகாரம் மாட்டச் சொன்னேன், மாட்டிவிட்டார்கள்.

எல்லாத் தாளும் நல்ல தாள் இல்லை. எட்டாம் பகுதியில் "பொருத்தமான கையுறை அணிக" என்று மட்டும் இருந்தால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. எது பொருத்தம் என்று தெரியத்தானே தாளைக் கேட்கிறோம்? தயாரிப்பாளர் தாளில் நைட்ரைல் ரப்பர் என்று பெயரோடு இருந்தது.

அப்புறம் பலகை. ஒவ்வொரு சரக்குக்கும் ஐந்து வரி, பெரிய எழுத்தில், மேலே எண்ணோடு. தமிழில் நான் எழுதினேன். தெலுங்கில் பாய்லர் அண்ணாவின் மகள் எழுதித் தந்தாள், டிகிரி படிக்கிறவள். ஹைட்ரோஸ் பலகையின் முதல் வரி: "புகைந்தால் பக்கெட் எடுக்காதே. வெளியே வா. காற்று வரும் பக்கம் நில். 101க்குப் போன் போடு." இருமல் வந்த அந்தப் பையன்தான் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "அக்கா, இன்னும் கொஞ்சம் கீழே மாட்டு, குனிஞ்சு அள்ளும்போது கண்ணுல படணும்" என்றான். கீழே இறக்கி மாட்டினோம்.

இப்போது சரக்கு இறங்கும்போது அவனே சீட்டைப் பார்த்து எண்ணைச் சொல்கிறான், நான் நோட்டில் ஒத்துப் பார்க்கிறேன். பெராக்ஸைடுக்கு வந்த தாளில் எத்தனை சதவீதம் என்றே போடவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.