நடந்துபோனது மழையா?

அலுவலகத்தில் இளையவர்கள் எழுதும் ஆங்கில அறிக்கைகளைத் திருத்தித் தரும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. எழுத்துப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் ஆகியவை ஒரு கோட்டில் தீர்ந்துவிடும். என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது வேறொரு பிழை. ‘வாக்கிங் டு தி ஆபீஸ், தி ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று எழுதியிருப்பார்கள். தனக்கென எழுவாய் இல்லாமல் முன்னால் வரும் ‘வாக்கிங்’, அடுத்து வரும் எழுவாயைப் பற்றிக்கொள்வதால், அலுவலகத்துக்கு நடந்துபோனது மழை என்று பொருளாகிவிடுகிறது.

“அர்த்தம் புரிகிறதே சார், இதில் என்ன தப்பு?” என்று ஒருவர் கேட்டபோது, விதியை மட்டும் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. ‘அலுவலகத்துக்கு நடந்துபோகையில் மழை பிடித்துக்கொண்டது’ என்று அவர் நினைத்த தமிழ் வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின், அதாவது அந்தச் செயலைச் செய்பவரின், வினையையே கொண்டு முடியும் என்று வரையறுக்கும் தொல்காப்பியம், ‘செய’ போன்ற எச்சங்கள் பிற வினைமுதலின் வினையோடும் முடிய இடம் தருகிறது; ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்பது அப்படிப்பட்டதுதான். ஆங்கிலத்தின் ‘இங்’ எச்சம் பெரும்பாலும் நம் ‘செய்து’வைப் போல நடப்பது. நாம் அதனிடம் ‘செய’ எச்சத்தின் வேலையை வாங்கப் பார்க்கிறோம்.

ஆங்கிலேயரும் இதில் வழுக்கியவர்களே. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில், தோட்டத்தில் உறங்கியபோது தன்னைப் பாம்பு தீண்டியதாகச் சொல்லப்படுகிறது என்று மன்னனின் ஆவி கூறும் வரியில், சொல்லமைப்பின்படி உறங்கியது பாம்புதான். மேடையில் அதை யாரும் தவறாகக் கொள்ளமாட்டார்கள். ‘கன்சிடரிங்’, ‘ரிகார்டிங்’ போன்றவையோ இடைச்சொற்களாகவே நிலைத்துவிட்டன. அவற்றின்மேல் நான் கைவைப்பதில்லை.

ஆனால் ‘ஆஃப்டர் இன்ஸ்பெக்டிங் தி பம்ப், எ லீக் வாஸ் ஃபவுண்ட்’ என்று ஆய்வறிக்கையில் வந்தால் விடமாட்டேன். பம்பைச் சோதித்தவர் யார் என்பதே அங்கு மறைந்துபோகிறது. பின்னாளில் அந்த அறிக்கையைப் புரட்டுகிறவருக்குத் தேவைப்படுவது அந்தப் பெயர்தான். ஆகையால் இப்போதெல்லாம் வாக்கியத்தை நானே மாற்றி எழுதுவதில்லை. ஓரத்தில் ‘சோதித்தது யார்?’ என்று தமிழில் எழுதி, எழுதியவரிடமே திருப்பித் தருகிறேன்.