காக்ஸ் ஸ்லைடும் சர்ஃப்1 மரபணுவும்

தசைத் திசுக்களுக்குச் சாயமேற்றும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஐசோபென்டேன் என்ற மிகக் குளிர்ந்த திரவத்தில் உறையவைத்த தசைத் துண்டை மெல்லிசாகச் சீவி, சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்கிறதா என்று பார்ப்போம். எங்கள் பேச்சில் அது 'காக்ஸ்'. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்துகொண்டு, மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைக் கடைசியில் தண்ணீராக மாற்றுவது இதுதான். நொதி இருக்கும் இழைகள் பழுப்பாகும்.

மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் பழுது என்றால், பெரும்பாலும் பழுப்பு இழைகளுக்கு நடுவே வெளிறிய இழைகள் சிதறித் தெரியும். சில குழந்தைகளின் ஸ்லைடிலோ எல்லா இழைகளும் ஒன்றுபோல வெளிறியிருக்கும். அப்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சர்ஃப்1.

இந்த மரபணு இருப்பது உட்கருவில், 9ஆவது குரோமோசோமில். இதன் புரதம் காக்ஸின் பாகம் அல்ல. காக்ஸைக் கட்டி முடிக்க உதவும் கொத்தனார். நொதியின் மையப் பாகமான காக்ஸ்1 உருவாகும் தொடக்கக் கட்டத்தில் இது தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் கட்டுமானம் பாதியில் நின்று, கொஞ்சம் நொதிதான் மிஞ்சும். மூளைத்தண்டும் மூளையின் ஆழப் பகுதிகளும் அதைத் தாங்குவதில்லை. 1951இல் டெனிஸ் லீ விவரித்த லீ நோய் இப்படியும் வருகிறது. நன்றாக இருந்த குழந்தைக்கு எடை ஏறாது, வாந்தி வரும், கற்ற அசைவுகள் போய்விடும்.

1998இல் மாண்ட்ரியலிலும் மிலானிலும் இரண்டு குழுக்கள், சர்ஃப்1 பழுதானால் லீ நோய் வரும் என்பதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. நோயாளிகளின் செல்களுக்குள் நல்ல 9ஆவது குரோமோசோமைச் செலுத்தியதும் காக்ஸ் திரும்பியது. அந்தச் சோதனையைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

இதை எழுத முக்கியக் காரணம் வேறு. மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியாக வருகிறது என்று பள்ளியில் படித்ததை வைத்துக்கொண்டு, நோய்க்கும் அம்மாதான் காரணம் என்று வீட்டில் பேசுகிறார்கள். சர்ஃப்1 விஷயத்தில் அது அநியாயம். அம்மாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். இருவருமே ஆரோக்கியமாக இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 25 சதவீதம். பெற்றோர் இருவரின் மரபணு மாற்றமும் தெரிந்துவிட்டால், அடுத்த கர்ப்பத்தில் சுமார் 11 வாரத்திலிருந்தே நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துப் பார்த்துவிடலாம். அதனால் ஆலோசனைக்குப் போகும்போது அப்பாவும் கூடப் போங்கள், அவர் ரத்தமும் வேண்டும்.