அம்மாவின் நேர்ச்சையும் மணியடிச்சான் பாறையும்

பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று வேலை பார்த்த இடத்தில் சொல்லிவிட்டு வந்த ராத்திரிதான் அம்மா நேர்ந்துகொண்டாள். "தேவசகாயத்துக்கு நேர்ந்திருக்கேன் மக்களே, பயப்படாத" என்றாள். கிறிஸ்தவ விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்த மறைசாட்சி தேவசகாயத்தைத்தான் சொன்னாள். அப்புறம் ஏழு மாதம் சம்பளம் இல்லை. ஒரு நாள்கூட அவள் "போட்டிருக்கலாமே" என்று வாய் திறக்கவில்லை.

வேலை கிடைத்ததும் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் புறப்பட்டோம். ஜனவரி 14, தேவசகாயம் அங்கே சுடப்பட்ட நாள். கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்! இறங்கியதுமே மெழுகுதிரி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஜெபிக்க வந்தவர்களை இப்படிப் பிடுங்குவது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி. பத்து அடிக்கு ஒரு தரம் நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜெபமாலையை மட்டும் விடாமல் ஏறினாள்.

மணியடிச்சான் பாறைக்கு வந்ததும் ஒரு சின்னக் கல்லை எடுத்துத் தட்டினாள். கணீரென்று வெண்கல மணி போல ஓசை. கல்லுக்குள்ளிருந்து அப்படி ஒரு சத்தம்! மறுபடி தட்டினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவே இல்லை. 1752-இல் அவர் உயிர் பிரிந்தபோது இங்கே மணியோசை கேட்டது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் குருவானவர் இல்லை, துறவியும் இல்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த நீலகண்ட பிள்ளை, மனைவியோடு குடும்பம் நடத்தியவர். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆகி முழுசாக ஏழு வருடம்கூட ஆகவில்லை. 'இந்த விசுவாசத்தை விட்டுவிடுகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உத்தியோகம், வீடு எல்லாம் திரும்பியிருக்கும். எருமை மேல் பின்னோக்கி உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனபோதும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்குப் போனது ஏழு மாதச் சம்பளம். அதற்கே எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தேன்!

கோட்டாறு பேராலயத்தில் கல்லறைக்கு முன்னால் அரை நிமிடம்தான் நிற்க முடிந்தது. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். அம்மா எப்படியோ குனிந்து, என் வேலை உத்தரவுக் கடிதத்தைக் கல்லறை மேல் வைத்து எடுத்துவிட்டாள்.

எங்கள் மறைசாட்சியே, உமக்குக் கோடி நன்றி ஐயா. அம்மாவைப் பத்திரமாக மலையேற்றி இறக்கினீர். அந்த ஏழு மாதமும் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டீர். நாளைக் காலையில் புது இடத்தில் மாதக் கணக்கு முடிக்க வேண்டும். கூட இரும்.